40 மில்லிமீட்டருக்கு 1,82,200 ரூபாய்: வி-கிராஸில் லிஃப்ட் கிட் போட்ட அனுபவம்

வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2019 மாடல், 2.5 லிட்டர் டீசல், மேனுவல் கியர், ஃபோர் வீல் டிரைவ். இதுவரை 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது, அதில் முக்கால்வாசி சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிற வீட்டுக்கும் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிற எங்கள் ஆறு ஏக்கர் காப்பித் தோட்டத்துக்கும் நடுவில் ஓடியதுதான். லிஃப்ட் கிட், அதாவது ஸ்பிரிங், ஷாக் எல்லாம் மாற்றி வண்டியின் உயரத்தைக் கூட்டுகிற செட், போட்டுப் பதினோரு மாதம், 14,000 கி.மீ. ஆகிறது. போட்ட அன்று ராத்திரியே எழுதியிருந்தால் ஐந்து ஸ்டாரும் கொடுத்திருப்பேன், மூன்றாவது வாரம் எழுதியிருந்தால் ஒரு ஸ்டார்கூட வந்திருக்காது, திட்டித்தான் எழுதியிருப்பேன். அதனால்தான் ஒரு மழைக்காலமும் ஒரு காப்பி சீசனும் பார்த்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு: மெயின் ரோட்டுக்கு லிஃப்ட் தேவையே இல்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, தார் ரோடு, ஆல்டோவே பாட்டுப் போட்டுக்கொண்டு ஏறும். என் பிரச்சினை தோட்டத்து கேட்டுக்குள்ளே ஆரம்பிக்கிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, எல்லோரும் குப்பனூர், கொட்டச்சேடு வழியாகச் சுற்றிக்கொண்டு கிடந்தோமே, அந்த மழை எங்கள் தோட்டத்துப் பாதையையும் தோலை உரித்த மாதிரி உரித்துவிட்டுப் போய்விட்டது. கேட்டிலிருந்து காப்பிக் களம் வரைக்கும் 700 மீட்டர்தான், ஆனால் அந்த 700 மீட்டரில் வண்டிக்கு அடியில் இரண்டு விதமாக இடி வாங்கினேன். ஒன்று, சக்கரத்தடம் இரண்டும் பள்ளமாகி நடுவில் புல்மேடு எழும்பி நிற்கிறது, அதில் பின் ஆக்சில் உரசும். இன்னொன்று, தண்ணீர் வடிவதற்காகப் பாதையின் குறுக்கே வெட்டிய வாய்க்காலும் அதை ஒட்டிய கரையும். வி-கிராஸ் நீளமான வண்டி, வீல்பேஸே 3,095 மி.மீ. முன் சக்கரம் கரையைத் தாண்டி இறங்கிவிடும், பின் சக்கரம் இன்னும் வந்திருக்காது, நடு வயிறு அப்படியே கரைமேல் உட்காரும். இடது பக்க ஃபுட்போர்டு இரண்டு முறை வளைந்து, இரண்டு முறையும் நானே கல்லில் அடித்து நிமிர்த்தினேன்.

இந்த இரண்டு இடியும் ஒன்றல்ல என்பது எனக்குப் பணம் கட்டிய பிறகுதான் புரிந்தது. கிட் வாங்கப் போகிறவர்கள் முதலில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஆக்சில் ஒரே குழாய், அதன் நடுவில் பூசணிக்காய் மாதிரித் தொங்குவது டிஃபரன்ஷியல் ஹவுசிங், இரண்டு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி. ஸ்பிரிங் பட்டை அந்த ஆக்சிலோடு கட்டியிருக்கிறது. நீங்கள் இரண்டு அங்குலம் என்ன, இரண்டு அடி தூக்கினாலும் உயர்வது பட்டைக்கு மேலே இருக்கிற சேஸிஸும் (வண்டியின் இரும்புச் சட்டம்) பாடியும்தான். பூசணிக்காய் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். அதைத் தூக்க ஒரே வழி பெரிய டயர், அதிலும் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் நமக்கு. என் வண்டியில் இருந்தது 255/60 ஆர்18, விட்டம் 763 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 265/60 ஆர்18 போட்டேன், 775 மி.மீ. கூடியது 12, அதில் பாதி 6. ஒரு பென்சில் தடிமன்கூட இல்லை. நான்கு ஆல் டெரெய்ன் டயருக்கு 58,000 ரூபாய் கொடுத்துப் பூசணிக்காயை ஒரு பென்சில் அளவுக்குத் தூக்கியிருக்கிறேன் என்று மச்சானிடம் சொன்னபோது அவன் டீயைத் துப்பிவிட்டான். (டயர் செலவு தலைப்பில் இருக்கிற தொகையில் சேராது, அது தனி வயிற்றெரிச்சல்.)

முன்பக்கம் கதை வேறு. வி-கிராஸில் முன்னால் இன்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும், முன் டிஃபரன்ஷியல் சேஸிஸில் தொங்குகிறது, அதனால் சேஸிஸ் உயர்ந்தால் அதுவும் கூடவே உயரும். ஆக என் விஷயத்தில் வாய்க்கால் கரைக்கு லிஃப்ட் மருந்து, புல்மேட்டுக்கு மருந்தே இல்லை. இந்த ஒரு வரியை விலை கேட்கப் போன மூன்று இடத்திலும் யாரும் சொல்லவில்லை.

சரி, எந்தக் கிட்? மலிவான வழியில் ஆரம்பித்தால், ஸ்பேசர். ஷாக் அப்சார்பரும் காயில் (சுருள்) ஸ்பிரிங்கும் சேர்ந்து இருக்கிற ஸ்ட்ரட்டின் தலைக்கு மேலே ஒரு வட்டத் தகடு வைத்து போல்ட் போட்டுவிடுவார்கள். ஸ்ட்ரட்டின் கால் லோயர் ஆர்மின் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கிற கீழ்க்கை, மேலே இருப்பது அப்பர் ஆர்ம்) நடுவாக்கில் பிடித்திருப்பதால் 20 மி.மீ. தகடு வைத்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரம் கிடைக்கும். பின்னால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஒரு இரும்புக் கட்டை. ஒரே மத்தியானத்தில் வேலை முடிந்துவிடும், பார்க்கவும் ஜோராக இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது அதே பழைய ஷாக், அதே தளர்ந்த ஸ்பிரிங். சக்கரம் தொங்கும்போது முன்பைவிடக் கீழே போகும், சக்கரத்தைச் சுழற்றுகிற டிரைவ் ஷாஃப்டின் மூட்டான சி.வி. ஜாயின்ட் கூடுதல் கோணத்தில் சுற்றும், அதை மூடியிருக்கிற ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும், அப்பர் ஆர்ம் ஸ்பிரிங்கில் போய்த் தட்டவும் வாய்ப்பு உண்டு. வாரத்தில் ஒரு நாள் வெறும் வண்டியை ஓட்டுகிறவர்களுக்கு அது போதும் என்றால் போதும். எனக்குப் போதாது.

என் மாமா பையனிடம் பழைய மஹிந்திரா தார் இருக்கிறது, 2010-லிருந்து 2020 வரை வந்த சி.ஆர்.டி.இ. டீசல் இன்ஜின் மாடல். அதில் முன்னால் காயில் ஸ்பிரிங்கே கிடையாது, டார்ஷன் பார் என்ற நீளமான முறுக்குக் கம்பிதான். அதன் போல்ட்டை முறுக்கினால் காசில்லாமல் முன்பக்கம் உயரும். அவன் நன்றாக முறுக்கிவிட்டு, “மாப்ள, நீ ஒன்றரை லட்சம் கொடுக்கிறதை நான் ஒரு ஸ்பேனர்ல முடிச்சுட்டேன்” என்றான். முடித்தது என்னவோ உண்மை. ஆனால் சக்கரம் பள்ளத்தில் கீழே இறங்க வேண்டிய தூரத்தைத் திருடித்தான் அந்த உயரம் வருகிறது. இப்போது அவன் வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் இறங்கும்போது முன்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம் போடும், அவன் அதைக் கேட்காத மாதிரி ரேடியோ சத்தத்தைக் கூட்டுவான்.

அடுத்து முழு கிட். முன்னால் இரண்டு காயில், இரண்டு ஷாக், பின்னால் இரண்டு பட்டை செட், இரண்டு ஷாக், புது யூ போல்ட், ஷேக்கிள் (பட்டையின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கிற துண்டு), புஷ் (இணைப்புகளுக்குள் இருக்கிற ரப்பர் வளையம்). இந்தியாவில் இந்த விஷயத்தில் அடிபடுகிற பெயர்கள் ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் எமு, ஐயன்மேன், ஜெர்மனியின் பில்ஸ்டீன், தாய்லாந்தின் ப்ரொஃபெண்டர். இதில் பில்ஸ்டீன் முக்கியமாக ஷாக் கம்பெனி, ஸ்பிரிங்கை நாம் வேறு இடத்தில் பார்த்துச் சேர்க்க வேண்டும். நான் வாங்கியது எது என்று எழுதப் போவதில்லை, எழுதினால் இது அந்தப் பெயரைப் பற்றிய சண்டையாகிவிடும். பட்ட கஷ்டத்தில் பெட்டிக்குள் இருந்த சாமானின் பங்கு ரொம்பக் கம்மி. என் புத்தியின் பங்கும் மாட்டியவர்கள் பங்கும்தான் பாக்கி.

என் புத்தியின் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் எத்தனை இன்ச் என்று கேட்கிறோம். ஆனால் ஆர்டர் கொடுக்கும்போது அவர்கள் கேட்பது எத்தனை கிலோ. முன்னால் இரும்பு பம்பர், வின்ச் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். எனக்கு இல்லை. புல் பார், கிராஷ் கார்டு போட்ட வண்டிகள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியதிலிருந்து அந்த ஆசையை விட்டுவிட்டேன். அதனால் முன்னால் லேசான காயில், அது சரியான தேர்வு. பின்னால் மூன்று வகை: வெறும் வண்டிக்கு ஒன்று, எப்போதும் 300 கிலோ வரை ஏற்றுபவர்களுக்கு ஒன்று, எப்போதும் 500 கிலோ வரை ஏற்றுபவர்களுக்கு ஒன்று. காப்பி சீசனில் பத்து மூட்டை ஏற்றுகிறேனே, மூட்டைக்கு 50 கிலோ, சரியாக 500 என்று கணக்குப் போட்டு மூன்றாவதைச் சொன்னேன். ‘எப்போதும்’ என்ற வார்த்தையை நான் படிக்கவில்லை. பத்து மூட்டை ஏற்றுவது வருடத்தில் இருபது இருபத்தைந்து நாள். மீதி நாளெல்லாம் பின்னால் இருப்பது ஒரு மண்வெட்டி, ஒரு டீசல் கேன், எங்கள் நாய். நாய் 22 கிலோ.

கிட் 1,28,000 ரூபாய், வந்து சேர மூன்று வாரம். மாட்டியது பைபாஸ் ரோட்டில் இருக்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில், கூலி 8,500. காலை ஒன்பதரைக்கு விட்டேன், சாயங்காலம் ஆறு மணிக்குச் சாவி கையில். நடுவில் எதிரே தள்ளுவண்டியில் இரண்டு தட்டுவடை செட்டு சாப்பிட்டேன், அந்த நாளில் குறையே சொல்ல முடியாத ஒரே விஷயம் அதுதான். ஒர்க்‌ஷாப் சுத்தமாக இருந்தது, பழைய சாமானை மூட்டையாகக் கட்டித் திருப்பிக் கொடுத்தார்கள், டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்கினார்கள், பிரேக் ஹோஸ் எட்டுகிறதா என்று சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், பின் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்டின் நடு பேரிங்குக்கு வாஷர் வைத்து இறக்கினார்கள். இதெல்லாம் நல்ல கை. கண்ணெதிரே நடந்த ஒரே தப்பு எனக்கு அப்போது தெரியவில்லை: பட்டையின் கண் புஷ், ஷேக்கிள், லோயர் ஆர்ம் எல்லா போல்ட்டையும் வண்டி லிஃப்டில் தொங்கும்போதே கடைசி முறுக்கு முறுக்கிவிட்டார்கள். ரப்பர் புஷ் அந்தத் தொங்கின நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கி எடை விழும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், எப்போதும். அது ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளும், வண்டி இருக்க வேண்டியதைவிட உயரமாக நிற்கும், கொஞ்ச நாளில் கிழியும். போல்ட்டைத் தளர்வாக விட்டு, வண்டியைத் தரையில் நிறுத்தி, ஒருமுறை குலுக்கிவிட்டு அப்புறம் முறுக்க வேண்டும். பாலியூரிதேன் புஷ்ஷாக இருந்தால் இந்தத் தொல்லை கிடையாது, அது சுற்றும், ஆனால் கிரீஸ் வைக்காவிட்டால் கட்டில் மாதிரி கிறீச்சிடும்.

நான் அளந்து வைத்திருந்தேன். ஹப்பின், அதாவது சக்கரத்தின், நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, சமதரையில், நான்கு மூலையிலும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று, டயர் தேய்மானம் எல்லாம் கணக்கில் வந்துவிடும், அதனால் ஹப்பிலிருந்து. அன்று சாயங்காலம் முன்னால் 42 மி.மீ. கூடியிருந்தது, பின்னால் 61. வண்டி குப்புற விழப் போகிற மாதிரி நின்றது. நான் அதை ‘ஸ்டைல்’ என்று நினைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினேன், வெட்கமில்லாமல்.

அன்று ராத்திரி மலை ஏறினேன். அந்த ஏற்றத்தை மறக்க முடியாது. பழைய ஷாக் 78,000 கி.மீ. ஓடிச் செத்துப் போயிருந்தது என்பதும் ஒரு காரணம்தான், இருந்தாலும் வளைவில் வண்டி சாய்வது பாதியாகிவிட்டது, பிரேக் பிடித்தால் மூக்கு குத்துவது இல்லை. உயரம் கூடினால் சாய்வு கூடும் என்று பயந்திருந்தேன், நல்ல ஷாக் அதைச் சரிக்கட்டிவிடுகிறது. மறுநாள் காலையில் வாய்க்கால் கரையில் விட்டேன். உரசவில்லை. இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தேன், கரைக்கும் சேஸிஸுக்கும் நடுவில் என் கட்டைவிரல் நீளம் வெளிச்சம்.

அதற்கு மேலே அடுத்த முப்பது மீட்டரில் புல்மேட்டில் பின் ஆக்சில் ‘கர்ர்’ என்று இழுத்துக்கொண்டு போனது, முன்னே எப்படிப் போனதோ அப்படியே.

வெறும் வண்டியைச் சேலத்துக்குள் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் வினை. ஐந்து ரோட்டிலிருந்து ஜங்ஷன் போவதற்குள் பின்பக்கம் மாட்டு வண்டி மாதிரி குதித்தது. பின் சீட்டில் அம்மா. “ஏன்டா, காசு கொடுத்துப் பழைய பஸ் வாங்கிட்டு வந்தியா?” என்றாள். ஏறுவதும் அவளுக்குப் பெரிய பாடாகிவிட்டது, 68 வயது, முழங்கால் வலி, புடவை. இப்போது வண்டியில் ஒரு நீலப் பிளாஸ்டிக் முக்காலி நிரந்தரமாக இருக்கிறது, நான் இறங்கி அதைப் போட்டு, அவள் ஏறி, நான் அதை எடுத்து வைத்துக் கதவைச் சாத்துகிறேன். லிஃப்ட் கிட் விளம்பரத்தில் இந்த முக்காலியை யாரும் காட்டுவதில்லை.

ஸ்டீயரிங்கும் சோம்பேறியாகிவிட்டது. கொண்டை ஊசி முடிந்து கையை லேசாக விட்டால் தானாக நேராகத் திரும்ப வேண்டும், திரும்பவில்லை. பைபாஸில் 90-ல் போனால் இடமும் வலமும் மெதுவாக மேய்ந்துகொண்டே போனது. காரணம் காஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்புகிற அச்சு பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிற கோணம். முன் சஸ்பென்ஷனைத் தூக்கும்போது அந்தக் கோணம் குறையும், பின்பக்கம் அதைவிட உயர்ந்து மூக்கு தாழ்ந்தால் இன்னும் குறையும். எனக்கு இரண்டும் நடந்திருந்தது. அலைன்மென்ட் சீட்டில் இடது 1.7 டிகிரி, வலது 2.0. இருக்கிற அட்ஜஸ்ட்மென்டை முழுக்கத் திருப்பியும் அதற்குமேல் வரவில்லை என்று சொல்லி 1,600 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது வாரம் பதினான்காவது வளைவில் இறங்கும்போது பின்னால் ‘டொக்’. அடுத்த வளைவில் இன்னொரு ‘டொக்’. அடிவாரம் வந்து நிறுத்திப் பார்த்தால் இடது பக்க யூ போல்ட் நட்டுகளில் ஒன்றைக் கையாலேயே திருப்ப முடிந்தது. ஆக்சிலையும் பட்டையையும் கட்டி வைத்திருப்பதே அந்த யூ போல்ட்தான். புதுப் பட்டை உட்கார உட்கார யூ போல்ட் தளரும், 500 கி.மீ.க்குள் ஒருமுறை மறுபடி முறுக்க வேண்டும் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்தத் தாள் டேஷ்போர்டு அறையில் பத்திரமாக இருந்தது, படிக்காமல். ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தால், “அதெல்லாம் நார்மல் சார், அடுத்த வாரம் எடுத்துட்டு வாங்க” என்றார்கள். அடுத்த வாரமா? ஸ்பேனர் கடன் வாங்கி அங்கேயே முறுக்கிக்கொண்டு, ஊர்ந்தே வீடு சேர்ந்தேன்.

திரும்ப அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போகவில்லை. சேலம், சங்ககிரி, நாமக்கல் என்று சுற்றிலும் லாரியிலேயே பிழைக்கிற ஊர்களை வைத்துக்கொண்டு ஸ்பிரிங் பட்டைக்கு எதற்குக் கண்ணாடி போட்ட ஷோரூமுக்குப் போனேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. சீலநாயக்கன்பட்டி தாண்டி லாரிகளுக்குப் பட்டை வேலை செய்கிற ஒரு பட்டறை. போர்டுகூடக் கிடையாது, வாசலில் அடுக்கி வைத்த பழைய பட்டைகள்தான் அடையாளம். பெரியவர் அறுபதைத் தாண்டியவர், வண்டியைச் சுற்றி வந்து பின் கதவைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். அசையவில்லை.

“தம்பி, இதுல என்ன லோடு போடுறீங்க?”

“சீசன்ல பத்து மூட்டைங்க. மத்த நாள்ல ஒண்ணும் இல்லைங்க.”

“அப்ப மத்த நாள்ல குதிக்கத்தானுங்க செய்யும். பட்டை மேல தப்பு இல்லை.”

கிட் விற்றவரிடம் போனில் கேட்டுக்கொண்டேன், அடியில் இருக்கிற தடித்த பட்டையைக் கழற்றிக்கொள்ளலாம், அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறது என்றார். பெரியவர் பட்டை செட்டை இறக்கி, இரண்டு பக்கமும் பிடியைப் போட்டு இறுக்கி, சென்டர் போல்ட்டைக் கழற்றி, அடிப்பட்டையை உருவினார். பிடி இல்லாமல் சென்டர் போல்ட்டைத் தளர்த்தினால் பட்டை தெறிக்கும், வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். பட்டைகளுக்கு நடுவில் கிரீஸ் தடவி, புது சென்டர் போல்ட், புது யூ போல்ட் போட்டுக் கட்டினார். அப்புறம்தான் நான் மேலே எழுதிய புஷ் விஷயத்தை அவர் காட்டினார், விரலை வைத்துத் தொட்டு: ரப்பரின் விளிம்பில் பிழிந்த துணி மாதிரி சுருக்கம். எல்லா போல்ட்டையும் தளர்த்தி, வண்டியை இறக்கி, பையன் ஒருவனைப் பின்னால் ஏற்றி நாலு குதி குதிக்கச் சொல்லிவிட்டு, ஒரு காலை மடக்கி உட்கார்ந்து தரையிலேயே முறுக்கி முடித்தார். கூலி 1,200, யூ போல்ட் 1,800. வண்டியைத் திருப்பி அளந்தேன், பின்னால் 61-லிருந்து 38-க்கு வந்திருந்தது. முன்னால் புஷ் சரியானதில் 42 என்பது 40 ஆகியிருந்தது. இதுதான் தலைப்பில் இருக்கிற நாற்பது.

காஸ்டருக்கு மட்டும் கடைசியில் பணம் கொடுத்தே தீர வேண்டி வந்தது. லிஃப்டுக்கென்றே கோணம் மாற்றிச் செய்த அப்பர் கன்ட்ரோல் ஆர்ம், ஜோடி 36,000, மாட்ட 3,500, மறுபடி அலைன்மென்ட் 1,600. காஸ்டர் மூன்றரைக்கு வந்தது, ஸ்டீயரிங் பழைய சுறுசுறுப்புக்குத் திரும்பிவிட்டது. 40 மி.மீ. வரை அப்பர் ஆர்ம் தேவையில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், சில வண்டிக்கு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் அலைன்மென்ட் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், கடைக்காரர் வாயைப் பார்த்து அல்ல. லிஃப்டுக்கு முன்னே ஒரு சீட்டு, பின்னே ஒரு சீட்டு. முன்சீட்டு எடுக்காதது என் இன்னொரு முட்டாள்தனம்.

சின்னச் சின்ன விஷயம் சில. ஹெட்லைட்டை இறக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், மலைப்பாதையில் அது பாவம். மைலேஜ் லிட்டருக்கு 12 தந்தது 11.3 ஆகிவிட்டது, அதில் டயருக்கும் பங்கு உண்டு. சில பழைய பிக்அப் வண்டிகளில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி போய் பிரேக் வால்வைத் தொடும், பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு லோடு என்று அது புரிந்துகொண்டு பின் பிரேக்கைக் கூட்டும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு அந்தக் கம்பியைச் சரி செய்யாமல் விட்டால், லோடு ஏற்றியிருந்தாலும் வெறும் வண்டி என்று நினைத்து பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உங்கள் வண்டியில் இருந்தால் மறக்காதீர்கள்.

சட்டத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது, 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு என்று சேர்த்திருக்கிறார்கள். “ஆர்.சி.யில உயரம் எங்க சார் இருக்கு” என்று கடையில் சமாதானம் சொல்வார்கள், விபத்து நடந்து இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும்போது அந்தக் கடைக்காரர் வந்து நிற்க மாட்டார். நான் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன், இன்றுவரை பதில் இல்லை. தெரிந்தே எடுத்த ரிஸ்க், என்னைப் பார்த்து நீங்களும் எடுக்க வேண்டாம்.

மார்க் போடச் சொன்னால்: கிட் சாமானுக்குப் பத்துக்கு எட்டு, 14,000 கி.மீ.க்குப் பிறகும் ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இல்லை, பட்டை இறங்கவில்லை. பைபாஸ் ஒர்க்‌ஷாப்புக்கு நாலு, அதுவும் சுத்தத்துக்கு. பட்டறைப் பெரியவருக்குப் பத்து, அவர் டீ வாங்கிக் கொடுத்ததையும் சேர்த்தால் பதினொன்று. நான் தேர்வு செய்த லட்சணத்துக்கு இரண்டு. மறுபடி வாங்குவதாக இருந்தால் 300 கிலோ பட்டை, அப்பர் ஆர்மையும் முதல் நாளே சேர்த்து, மாட்டுவது நேராகப் பட்டறையில். இந்த சீசனில் கழற்றிய பட்டையைத் திருப்பிப் போடவில்லை, பத்து மூட்டை ஒரே நடையாக ஏற்றாமல் ஏழு, மூன்று என்று இரண்டு நடை அடிக்கிறேன். டீசல் கொஞ்சம் கூடுதல், அம்மா வாய் திறக்கவில்லை, அது போதும்.

புல்மேட்டை மறந்துவிட்டேனே. போன மாதம் தோட்டத்தில் வேலை செய்கிற அக்கா ஒருவர், நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஆக்சிலில் ஒட்டின புல்லைப் பிடுங்குவதைப் பார்த்து, “இந்த மேட்டைச் சீவி விட்டா ஆகாதுங்களா?” என்று கேட்டார். இரண்டு ஆள், இரண்டு மண்வெட்டி, ஒரு நாள், 1,400 ரூபாய். சீவிய மண்ணைச் சக்கரத்தடத்துப் பள்ளத்திலேயே போட்டு மிதித்துவிட்டார்கள். இப்போது பூசணிக்காய் எங்கேயும் உரசுவதில்லை. அந்த வேகத்தில் வாய்க்கால் கரையையும் கொஞ்சம் சரிவாக வெட்டிவிடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.